அத்தியாயம் 7: மாதவிடாய்ச் சுகாதாரப் பொருட்கள் – கிராமப் பெண் தொழில்முயற்சியாளருக்கான வழிமுறை

7.1 அத்தியாயத்தின் நோக்கம்

மாதவிடாய்க் காலத்தில் பயன்படும் உறிஞ்சு பொருட்களை, அதாவது ஒருமுறை பாவித்து எறியும் சுகாதாரத் துவாய்களையும் கழுவி மீண்டும் பாவிக்கும் துணித் துவாய்களையும், கிராமத்துப் பெண்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்யும் தொழிலை ஒரு பெண் எவ்வாறு தொடங்கி நிலைநிறுத்தலாம் என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில் அமைந்துள்ள அச்சுவேலியை மையமாகக் கொண்டு இவ்வத்தியாயம் விளக்குகிறது. இத்தகைய முயற்சிக்கு உதவ முன்வருவோர் பெரும்பாலும் எந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுக்கலாம் என்ற கேள்வியோடே வருகின்றனர். ஆயினும் இயந்திரம் இத்தொழிலில் இறுதியாக வரவேண்டியது என்பதும், வாங்கும் பெண்கள் விற்கும் பெண்ணிடம் வைக்கும் நம்பிக்கையே இதன் முதல் மூலதனம் என்பதும் இங்கு வலியுறுத்தப்படும் அடிப்படைக் கருத்தாகும். அதற்கேற்ப, விற்பனை, தையல், இயந்திர உற்பத்தி என்ற மூன்று படிகளாக இத்தொழிலை வளர்க்கும் முறை விவரிக்கப்படுகிறது.

7.2 கிடைப்பதைத் தடுக்கும் நான்கு காரணங்கள்

முதலாவது தடை விலை. இலங்கையில் இறக்குமதி செய்யப்படும் சுகாதாரத் துவாய்கள் மீது 2018 செப்டெம்பர் வரை எல்லா வரிகளும் சேர்ந்து 101.2 வீதம் அறவிடப்பட்டது. அதாவது பொருளின் இறக்குமதிப் பெறுமதியை விட வரி அதிகமாக இருந்தது. அவ்வாண்டில் அது 62.6 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது விலை மீண்டும் உயர, அவ்வாண்டு ஒக்டோபரில் உள்ளூர் உற்பத்தியாளருக்குத் தேவையான மூலப்பொருட்களுக்கு வரிச் சலுகை அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வில், மாதவிடாய் வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி, இப்பொருளுக்குச் செலவு எதனையும் பதியவில்லை. அவ்வீடுகளில் பழந்துணி பாவனையில் இருந்திருக்கலாம் என்பதால் இத்தரவை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டுமாயினும், சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்களின் தொகை எவ்வளவு பெரியது என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது தடை நேரமும் தூரமும் ஆகும். வெங்காயத் தோட்டத்திலோ புகையிலைத் தோட்டத்திலோ நாட்கூலிக்கு நிற்கும் பெண், வேலை முடிந்து வரும் நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வர இயலாதவளாக இருக்கலாம். கையில் அன்றைய கூலி மட்டுமே இருப்பதால் பெரிய பொதியை வாங்க முடியாதவளாகவும் இருக்கலாம்.

மூன்றாவது தடை கூச்சம். கடையில் ஆண்கள் நிற்கும் வேளையில் பொருளின் பெயரைச் சொல்லாமல் “அண்ணை, அது ஒண்டு தாங்கோ” என்று தணிந்த குரலில் கேட்பதும், கடைக்காரர் அதனைப் பழைய பேப்பரில் சுற்றிக் கறுப்புச் சொப்பிங் பாக்கில் இட்டுக் கொடுப்பதும் குடாநாட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த வழக்கம். இக்கூச்சத்தினால் விலையை ஒப்பிடுவதோ, தரத்தைப் பற்றிக் கேட்பதோ, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பதோ நடைபெறுவதில்லை.

நான்காவது தடை அறியாமை. வோட்டர்எயிட் நிறுவனமும் யுனிசெவ் நிறுவனமும் 2018இல் தெற்காசியப் பாடசாலைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, இலங்கை மாணவியரில் 66 வீதமானோர் முதல் மாதவிடாய்க்கு முன்னர் அதைப் பற்றி எதுவும் அறிந்திருக்கவில்லை எனக் குறிப்பிடுகிறது. பூப்புனித நீராட்டு விழாவை மண்டபம் பிடித்து, ஊரழைத்து, வீடியோ எடுத்துக் கொண்டாடும் சமூகத்தில், அப்பிள்ளைக்குத் துவாயை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர் இல்லாமற் போவது கவலைக்குரியது.

இந்நான்கில் விலையை மட்டுமே இயந்திரத்தால் ஓரளவு குறைக்க முடியும். ஏனைய மூன்றையும் குறைக்கக்கூடியவள், அவ்வூரிலேயே வாழ்ந்து, வீட்டு வாசலுக்குச் சென்று, பெயர் சொல்லிப் பேசக்கூடிய ஒரு பெண்ணே.

7.3 முன்னோடி முயற்சிகள் தரும் பாடங்கள்

இத்துறையில் மிகவும் அறியப்பட்டவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். தம் மனைவி பழந்துணி பாவிப்பதைக் கண்டு 1998இல் ஆய்வைத் தொடங்கிய அவர், கம்பனித் துவாய்களின் உறிஞ்சு பகுதி பஞ்சினால் ஆனதல்ல, மரக்கூழ் நாரினால் ஆனது என்பதைக் கண்டறிந்தார். பெருங்கம்பனிகளின் பேரியந்திரங்களுக்குப் பதிலாகச் சிறு அறையில் பெண்கள் இயக்கக்கூடிய எளிய இயந்திரத் தொகுதியொன்றை உருவாக்கினார். 2016இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்ற இவரது முயற்சியின் சிறப்பு, இயந்திரத்தைப் பெருவணிகருக்கு விற்க மறுத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே வழங்கியதில் உள்ளது. அத்தகைய குழுவொன்று உத்தரப் பிரதேச மாநிலத்தின் ஹாப்பூர் மாவட்டத்திலுள்ள காதிகேரா கிராமத்தில் இயங்கியதைக் காட்டிய ஆவணப்படம் 2019இல் ஒஸ்கார் விருது பெற்றது. துவாயை உருவாக்குவதை விட, அதனை வீடு வீடாகக் கொண்டு சென்று விளக்குவதே அப்பெண்களுக்குக் கடினமாக இருந்தது என்பதை அப்படம் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாவது முன்மாதிரி, புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஒரோவில்லில் 2010இல் தொடங்கப்பட்ட ஈக்கோஃபெம். இங்கு அயற்கிராமப் பெண்கள் துணித் துவாய்களைத் தைக்கின்றனர். வெளிநாட்டில் முழு விலைக்கு விற்கும் துவாய்களின் வருமானத்திலிருந்து ஒரு பகுதி, இந்தியப் பாடசாலை மாணவியருக்குத் துவாயும் கல்வியும் வழங்கச் செலவிடப்படுகிறது. மூன்றாவது முன்மாதிரி இலங்கையிலேயே உண்டு. குருநாகல் மாவட்டத்தின் வந்துராகலக் கிராமத்தில் 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம், நெசவிலும் தையலிலும் ஏற்கெனவே பழகிய கிராமப் பெண்களின் கைத்திறனைக் கொண்டே மீள்பாவனைத் துவாய்களைத் தயாரித்து வருகிறது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால், கோவை முயற்சி கூட்டு உடைமையின் பலத்தையும், ஒரோவில் முயற்சி வசதியுள்ள வாடிக்கையாளர் வழியாக வசதியற்றவருக்கு உதவும் விலை முறையையும், குருநாகல் முயற்சி உள்ளூரில் இருக்கும் திறனிலிருந்து தொடங்கும் முறையையும் கற்பிப்பது புலனாகும். தையல் தெரிந்த பெண்களும், புலம்பெயர்ந்த உறவினர்களும், மாதர் சங்கங்களும் உள்ள அச்சுவேலிக்கு இம்மூன்றும் பொருந்தக்கூடியவை.

7.4 தேவையைக் கணக்கிடுதல்

தொழில் தொடங்கும் முன் தேவையைக் கணக்கிட வேண்டும். ஒரு பெண்ணின் மாதவிடாய் சராசரியாக ஐந்து நாட்கள் நீடிக்கிறது எனவும், நாளொன்றுக்கு நான்கு துவாய்கள் மாற்றப்படுகின்றன எனவும் கொண்டால், மாதம் 20 துவாய்கள், அதாவது பத்துத் துவாய்கள் கொண்ட 2 பொதிகள் தேவைப்படும். எனவே 100 பெண்களைக் கொண்ட சிறு வட்டத்துக்கு மாதம் 200 பொதிகள் தேவை.

இவ்வட்டத்தை அச்சுவேலிச் சந்தியிலிருந்து வெளிநோக்கி வரைவது நல்லது. பத்தமேனி, கதிரிப்பாய், தோப்பு, இடைக்காடு ஆகிய அயல் ஊர்களையும், நீண்டகால இடப்பெயர்வுக்குப் பின் மக்கள் மீளக் குடியேறிய வளலாயையும் தனித்தனிப் பகுதிகளாகக் குறித்து, ஒவ்வொன்றிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட நாள், குடும்பநல உத்தியோகத்தர் சிகிச்சை நிலையம் நடத்தும் நாள், தோட்ட வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். பின்னர் இருபது அல்லது முப்பது பெண்களிடம் தனித்தனியாக, தற்போது எதைப் பாவிக்கிறார்கள், எங்கே வாங்குகிறார்கள், எதனால் சிரமப்படுகிறார்கள், மாதம் எவ்வளவு செலவிட முடியும் என்ற நான்கு கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. சொன்னதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. இந்த முதல் உரையாடலிலேயே விற்பனையாளரின் நாணயம் எடைபோடப்படுகிறது.

7.5 முதற்படி: விற்பனை

முதற்படியில் எதனையும் உற்பத்தி செய்யாமல், சந்தையில் ஏற்கெனவே உள்ள தரமான துவாய்களை மொத்த விலைக்கு வாங்கி, வீட்டுவாசலில் விற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பொதியில் 30 ரூபா இலாபம் எனக் கொண்டால், மேற்குறித்த 200 பொதிகளில் மாதம் 6,000 ரூபா கிடைக்கும். போக்குவரத்துச் செலவைக் கழித்தால் அது இன்னும் குறையும். இத்தொகையால் ஒரு குடும்பத்தை நடத்த இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு, அதாவது கணவனை இழந்த அல்லது பிரிந்த பெண்ணின் உழைப்பில் தங்கியுள்ள குடும்பங்களுக்கு, முழு வாழ்வாதாரம் என்று உறுதியளித்து இதனை அறிமுகப்படுத்துவது பெருந்தவறாகும். உள்ளாடை, குழந்தைகளுக்கான துணி, சவர்க்காரம் போன்ற துணைப் பொருட்களோடு சேர்த்து விற்கும்போதே இது தாக்குப்பிடிக்கும் தொழிலாகிறது. பல பொருட்கள் உள்ள பையோடு வருபவளை வாசலில் நிறுத்திப் பேசவும் பெண்கள் தயங்கமாட்டார்கள்.

கூலி நாளாந்தம் கிடைப்பதால், மூன்று அல்லது ஐந்து துவாய்கள் கொண்ட சிறு பொதிகளுக்குக் கேள்வி இருக்கும். பெரிய பொதியைப் பிரித்து வெறுங்கையால் எண்ணிக் கொடுப்பது சுகாதாரக் கேடு என்பதால், சிறு பொதியாகவே கொள்வனவு செய்வது அல்லது தனித்தனியாக உறையிடப்பட்ட துவாய்களைத் தெரிவு செய்வது அவசியம். கடன் கொடுப்பதைத் தவிர்க்க முடியாத இடத்தில், ஒருவருக்கு ஒரு பொதிக்கு மேல் கடன் இல்லை என்ற விதியைக் கணக்குக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதிவைத்துக் கடைப்பிடிக்க வேண்டும்.

7.6 இரண்டாம் படி: துணித் துவாய் தைத்தல்

மீள்பாவனைத் துவாய் மூன்று பகுதிகளைக் கொண்டது. உடலில் படும் மேற்பகுதி மென்மையான பருத்தித் துணியாலும், நடுப்பகுதி ஈரத்தை உறிஞ்சும் பருத்தி ஃபிளனல் துணியின் சில அடுக்குகளாலும், அடிப்பகுதி ஈரம் கசியாத பூச்சுடைய துணியாலும் ஆனவை. இருபுறமும் உள்ள சிறகுகளை உள்ளாடையின் கீழ் மடித்து அமுக்குப் பொத்தானால் பூட்டலாம்.

தைக்கும்போது இரு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். புதுத் துணியில் ஏற்றப்பட்ட கஞ்சிப் பசை நீரை உறிஞ்சவிடாது. பருத்தி முதற் சலவையில் சுருங்கவும் செய்யும். ஆகவே வெட்டுவதற்கு முன்னரே துணியைக் கழுவி உலர்த்திவிட வேண்டும். அடுத்ததாக, உறிஞ்சு அடுக்குகளை ஒன்றாகப் பிடிக்கும் நடுத்தையலை மேற்துணியோடு மட்டுமே போட்டு, கசியாத அடித்துணியை விளிம்பில் மாத்திரம் இணைக்க வேண்டும். நடுவில் ஊசி ஏறினால் அவ்வூசித் துளைகளின் வழியே ஈரம் கசியும்.

தரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு மாதவிடாய்க் காலத்தில் வெளியேறும் குருதி சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் வரை என்பதால், ஒரு துவாயில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலீற்றர் நீரை மெதுவாக ஊற்றி, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, கனமான பொருளால் அழுத்திப் பார்க்கலாம். வெள்ளைத் துணி நனையாவிட்டால் துவாய் தேறியதாகக் கொள்ளலாம். பத்து முறை கழுவிய பின்னரும் இச்சோதனையில் தேறும் மாதிரியையே விற்பனைக்கு எடுக்க வேண்டும்.

ஆறு துவாய்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒரே தடவையில் வாங்குவது பலருக்கு இயலாது. இதற்குக் குடாநாட்டுப் பெண்கள் நன்கு அறிந்த சீட்டு முறை கைகொடுக்கும். பத்துப் பெண்கள் மாதந்தோறும் தொகுதி விலையின் பத்திலொரு பங்கைக் கட்டி, மாதம் ஒருவர் வீதம் தொகுதியைப் பெற்றுக்கொண்டால், வாங்குபவருக்குச் சுமை குறையும். தைப்பவருக்கும் பத்து மாதங்களுக்கு உறுதியான கேள்வி கிடைக்கும்.

துணித் துவாய் பாவிப்பவருக்குச் சலவை முறையை விளக்குவது விற்பனையின் ஒரு பகுதி. முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சுடுநீர் கறையைப் படியச் செய்யும். பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் முழுமையாக உலர்த்த வேண்டும். துடக்கு என்ற எண்ணத்தால் துணியைக் கட்டிலின் கீழோ பாவாடைக்கு அடியிலோ மறைத்து உலர்த்துவதால் ஈரம் தங்கிக் கிருமி பெருகும். வளவுக் கொடியில் வெளிப்படையாகப் போட விரும்பாதவர், காற்றும் வெயிலும் புகும் மெல்லிய துணியொன்றை மேலே விரித்து உலர்த்தலாம். கழுவ நீரும் உலர்த்த இடமும் இல்லாதவருக்குத் துணித் துவாயைப் பரிந்துரைக்கக் கூடாது.

7.7 மூன்றாம் படி: இயந்திர உற்பத்தி

நிலையான வாடிக்கையாளர் வட்டம் உருவான பின்னரே இப்படியை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு இயந்திரத் தொகுதியில் வேலை நான்கு கட்டங்களாக நடைபெறும்: மரக்கூழ்த் தாளை அரைத்துப் பஞ்சு போன்ற நாராக்குதல், அதனை அச்சில் அழுத்தி உறிஞ்சு பட்டியாக்குதல், நெய்யாத் துணியால் சுற்றி வெப்பத்தால் ஒட்டுதல், புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குதல். புற ஊதாக் கதிர் மேற்பரப்பையே தூய்மையாக்கும். உள்ளே புகுந்த அழுக்கை அது தீண்டாது. ஆகவே வேலையாட்களின் கைச் சுத்தம், தலையுறை, முகக்கவசம் ஆகியவற்றில் தளர்வு கூடாது. மாரி காலத்தில் மூலப்பொருள் ஈரம் பிடிக்காதபடி, நிலத்திலிருந்து உயர்த்திய தட்டுகளில் மூடிவைக்க வேண்டும்.

இவ்வுற்பத்திக்கு இட வாய்ப்பாக அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை உள்ளது. போரினால் சிதைந்திருந்த இப்பேட்டை இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. தனியொருவர் இயந்திரத்தை வாங்குவதை விட, முதலிரு படிகளில் இணைந்து உழைத்த பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, கூட்டாக உடைமை கொள்வது பாதுகாப்பானது.

மரக்கூழ் இறக்குமதிப் பொருளாதலால், நாணயப் பெறுமதி சரியும்போது உற்பத்திச் செலவு உடனே ஏறும். மாற்று மூலப்பொருளாக வாழை நார் கவனத்துக்குரியது. ருவாண்டாவிலும் இந்தியாவின் அகமதாபாத்திலும் வாழைத்தண்டு நாரைக் கொண்டு துவாய்கள் தயாரிக்கப்படுகின்றன. அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள நீர்வேலி வாழைச் செய்கைக்குப் பேர்பெற்றது. எனினும் நாரைப் பிரித்து, பசை நீக்கி, மென்மையாக்கி, கிருமிச் சோதனைக்கு உட்படுத்தும் ஆய்வுகூட வேலை முதலில் தேவைப்படுவதால், இதனைத் தனியொரு தொழில்முயற்சியாளர் தம் சொந்தப் பணத்தில் பரிசோதிக்காமல், பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு மேற்கொள்ள வேண்டும்.

7.8 மூலதனம், விலை, பதிவு

வடக்கில் நுண்கடன், அதாவது குழுப் பிணையில் கொடுக்கப்படும் சிறு தொகைக் கடன், பல பெண்களைக் கடன் சுழலுக்குள் தள்ளியது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. எனவே முதற்படிக்குக் கடன் வாங்கவே கூடாது. சேமிப்பிலோ சீட்டுக் காசிலோ இருபது பொதிகளோடு தொடங்கி, விற்ற பணத்தில் அடுத்த கொள்வனவைச் செய்ய வேண்டும்.

தைத்த துவாயின் விலையைத் தீர்மானிக்கும்போது துணி, நூல், பொத்தான், உறை, போக்குவரத்து, பழுதுபடுவன ஆகியவற்றோடு தைப்பவரின் கூலியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பத்துத் துவாய்கள் தைக்கும் நேரத்தை அளந்து, ஊரில் அதே நேரத்துக்குக் கிடைக்கும் தோட்டக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கூலியின் அளவு தெரியும். சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காத தொழில் இலாபம் தருவது போலத் தோன்றி, சில மாதங்களில் பெண்ணைக் களைப்படையச் செய்து நின்றுவிடும்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்கும் சிறுதொழில் ஆலோசனைக்கும் கோப்பாயிலுள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகத்தை அணுகலாம். சுகாதாரத் துவாய்களுக்கான தரக்கட்டளையை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் வெளியிட்டுள்ளது. பாடசாலைகள், வைத்தியசாலைகள் போன்ற பெரிய கொள்வனவாளரை அணுகும் முன் அதன் எஸ்.எல்.எஸ். சான்றிதழுக்குத் தேவையான சோதனைகளை விசாரித்துக்கொள்ள வேண்டும். பின்தங்கிய பாடசாலைகளின் ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியருக்கு 1,200 ரூபா பெறுமதியான துவாய் வவுச்சர் வழங்கும் திட்டத்தை 2024இல் அரசு தொடங்கியது போன்ற வாய்ப்புகளை, தரச்சான்று இல்லாத உற்பத்தியாளர் பயன்படுத்த முடியாது. ஒரோவில் முறையைப் பின்பற்றி, கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் முழு விலைக்கு வாங்கித் தம் பாடசாலை மாணவியருக்கு வழங்கும் ஏற்பாட்டைக் கோரலாம். இலவசப் பகிர்வு ஓராண்டோடு நின்றுவிடாமல், தொடர் கொள்வனவாக அமையுமாறு எழுத்தில் பேசிக்கொள்வது முக்கியம்.

7.9 பாவித்தபின் அகற்றல்

குடாநாட்டின் நீர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கற்பாறையின் பிளவுகளில் தேங்கும் நிலத்தடி நீரே. வளவில் புதைப்பதன் கழிவு அதே வளவின் கிணற்றை எட்டக்கூடும். ஒருமுறை பாவிக்கும் துவாயின் அடித்தாளும் மேற்துணியும் பிளாஸ்ரிக் வகையைச் சேர்ந்தவை. அவை மண்ணில் உக்குவதில்லை. குப்பையோடு திறந்தவெளியில் எரித்தால் நச்சுப் புகை எழும். எனவே பாவித்த துவாயைப் பேப்பரில் சுற்றித் தனியாகச் சேர்த்து, வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் கழிவகற்றலோடு இணைக்கும் ஏற்பாட்டை விற்பனையாளர்களும் மாதர் சங்கங்களும் கூட்டாகக் கோர வேண்டும். மலசலகூடக் குழிக்குள் போடக் கூடாது என்பதை ஒவ்வொரு பொதியோடும் சொல்ல வேண்டும்.

7.10 விற்பனையாளரின் பொறுப்பும் எல்லையும்

துவாயை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும், மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், மாதவிடாய் உடலின் இயல்பான செயற்பாடு என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்ல விற்பனையாளர் பழக வேண்டும். கோவிலுக்குப் போவது, அடுக்களைக்குள் புகுவது பற்றிய குடும்ப வழக்கங்களோடு வாசலில் நின்று வாதிடத் தேவையில்லை. தூய துணியும் ஓய்வும் நல்ல உணவும் அந்நாட்களில் உரிமை என்பதை உறுதியாகச் சொன்னால் போதும். ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கும் குருதிப்போக்கு, மணித்தியாலத்துக்கு ஒரு துவாய் முழுமையாக நனையும் நிலை, தாங்க முடியாத வலி ஆகியவற்றைக் கேள்விப்பட்டால், மருந்து சொல்லாமல், குடும்பநல உத்தியோகத்தரிடமோ அச்சுவேலி வைத்தியசாலைக்கோ அனுப்பிவைக்க வேண்டும். பாடசாலைகளில் பேசுவதற்கு அதிபரின் அனுமதியையும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் துணையையும் பெற்றுச் செல்வது பெற்றோரின் ஐயத்தைத் தவிர்க்கும்.

7.11 ஓராண்டு நிறைவில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. தொடக்கத்தில் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் இன்னும் மாதந்தோறும் வாங்குகின்றனர்?
2. முன்பு பழந்துணி மட்டுமே பாவித்த எத்தனை பெண்கள் புதிதாகச் சேர்ந்துள்ளனர்?
3. விற்பவருக்கும் தைப்பவருக்கும் ஊர்க்கூலிக்குக் குறையாத கூலி ஒவ்வொரு மாதமும் கிடைத்துள்ளதா?
4. திரும்பி வந்த பழுதான துவாய்கள் எத்தனை, அவற்றின் காரணம் கண்டறியப்பட்டதா?
5. எறியப்படும் துவாய்களுக்கு ஒழுங்கான சேகரிப்பு ஏற்பாடு உண்டா?

இவ்வைந்துக்கும் கொப்பியைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய பெண்கள் குழு, இயந்திரத்துக்கான விண்ணப்பத்தைத் துணிந்து எழுதலாம்; அவ்வியந்திரம் ஓடுவதற்கு வேண்டிய வாடிக்கையாளர் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளனர். பதில் சொல்ல முடியாத குழு, இன்னும் ஓராண்டு முதலிரு படிகளிலேயே நின்று உழைப்பது நல்லது. அவ்வாண்டிலும் அவ்வூர்ப் பெண்களின் கைக்குத் துவாய் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.